டொர்னேடோவும் நம் வீட்டுப் பிள்ளைகளும்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

டெக்ஸாஸ், ஓக்லஹோமா, மிசூரி, அலபாமா, டென்னசி மாநிலங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் தமிழ்ச் சங்கம் நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கையை வைப்பதற்காக இதை எழுதுகிறேன். புதிதாக இங்கே குடியேறும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும், அவர்கள் வந்த முதல் மாதத்திலேயே, இடிமேகத்திலிருந்து இறங்கிச் சுழன்றடிக்கும் டொர்னேடோ வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டின் எந்த மூலைக்குப் போக வேண்டும் என்பதைத் தமிழில், நேரில், வாயால் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டும். அரசின் இணையப் பக்கங்கள் இருக்கும்போது சங்கம் இதை ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் அந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணியளவில், டாலஸ் நகரின் வடமேற்கில் ஒரு டொர்னேடோ தரையைத் தொட்டு, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவுக்கு வீடுகளையும் கடைகளையும் பள்ளிகளையும் உடைத்துக்கொண்டு ரிச்சர்ட்சன் வரை வந்தது. நாங்கள் அப்போது ரிச்சர்ட்சனில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், அமெரிக்கக் கணக்கில் மூன்றாம் தளத்தில், அதாவது நம் ஊர்க் கணக்கில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். மகளுக்கு ஐந்து வயது. மகனுக்குப் பதினொரு மாதம். பண்ருட்டியிலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு தீபாவளி என்பதால் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அத்தை மாவு பிசைய, நான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன்.

கைபேசி அலறியது. குழந்தை கடத்தல் அறிவிப்புக்கும் இதே ஒலிதான் என்பதால், படிக்காமலேயே அமர்த்திவிட்டேன். சற்று நேரத்தில் வெளியே அபாயச் சங்கு ஊதத் தொடங்கியதும், என் கணவர் பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு படம் பிடிக்கப் போனார். மகளும் அவர் பின்னாலேயே ஓடினாள். அத்தை எழுந்து போய், காற்று வந்து போக வழி வேண்டும், இல்லாவிட்டால் கூரையைத் தூக்கிவிடும் என்று சொல்லிச் சன்னல்களைத் திறந்துவிட்டார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, கடலூர் மாவட்டத்தின் பலா மரங்களும் முந்திரி மரங்களும் ஒரே விடியலில் சாய்ந்ததைத் தம் கண்ணால் பார்த்தவர் அவர். காற்றைப் பற்றி அவருக்கு நான் என்ன சொல்ல முடியும்? சன்னலைத் திறந்துவைக்கும் அந்த வழக்கம் அவருடைய தவறு மட்டுமன்று, அமெரிக்கர்களே பல காலம் நம்பி, பிறகு கைவிட்ட ஒன்று என்பதைப் பின்னர்தான் படித்தேன். திறந்த சன்னல் வீட்டைக் காப்பதில்லை. சன்னலுக்குப் போகும் ஆளைத்தான் அது ஆபத்தில் நிறுத்துகிறது.

எங்களைக் காப்பாற்றியது கீழ்வீட்டில் குடியிருந்த மெக்சிகோ நாட்டு அம்மாள். அதுவரை அவரோடு நான் இரண்டு சொல்கூடப் பேசியதில்லை. அவர் மாடியேறி வந்து இரு கைகளாலும் கதவைத் தட்டி, ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து ஏதோ சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் என் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். அவருடைய தரைத்தள வீட்டுக் குளியலறையில், அவருடைய குடும்பத்தோடு சேர்த்து ஒன்பது பேரும் ஒரு நாயும் அடைந்துகொண்டோம். மகனைக் குளியல் தொட்டிக்குள் என் மடியில் வைத்து, மேலே ஒரு மெத்தையைப் போட்டார்கள். மாமா சுவர் ஓரமாக உட்கார முடியாமல் குனிந்தபடியே நின்றார். மின்சாரம் போயிற்று. காதுக்குள் அழுத்துவது போன்ற ஓர் இரைச்சல் கேட்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் மகள் அழவில்லை. "அம்மா, முறுக்கு கருகிடுமா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அடுப்பை அணைக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. மின்னடுப்பாக இருந்ததால் மின்சாரம் போனபோதே அதுவும் அணைந்திருந்தது. மின்சாரம் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கட்டடத்துக்குக் காற்றால் வராத கேடு எங்கள் வாணலியால் வந்திருக்கும்.

டொர்னேடோ எங்களுக்குத் தெற்கே, ஒன்றரை மைல் தள்ளிப் போயிருந்தது. அன்றிரவு டாலஸில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் டாலஸின் தாமஸ் ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் சிதைந்த படத்தை மறுநாள் பார்த்தபோது, அது ஞாயிற்றுக்கிழமை இரவாக இல்லாமல் ஒரு வேலை நாளின் பகலாக இருந்திருந்தால் என்ற எண்ணம் எழாத பெற்றோர் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டார்கள். வெளியே வந்தபோது எங்கள் ஆறு பேரில் ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. நம் வீட்டில் செருப்பு எப்போதும் வாசலில்தானே கிடக்கும்? முற்றமெங்கும் கண்ணாடிச் சில்லுகளும் பிய்ந்த பலகைகளும் ஆணிகளும் கிடந்தன. மகளை என் கணவர் தூக்கிக்கொண்டார்; அத்தையின் பாதத்தில் இரண்டு தையல் போட வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் நாங்கள் படிக்காதவர்கள் அல்லர். ஆங்கிலம் அறியாதவர்களும் அல்லர். எங்களுக்குத் தெரிந்த காற்று வேறு காற்று என்பதுதான் சிக்கல். இதற்கு நம் மொழியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டு நாளிதழ் அமெரிக்காவில் டொர்னேடோ வந்தால் சூறாவளி என்று எழுதுகிறது. அதே நாளிதழ் புளோரிடாவில் வரும் கடற்புயலான ஹரிக்கேனையும் சூறாவளி என்றே எழுதுகிறது. ஈழத்துத் தமிழர்களுக்குச் சூறாவளி என்றால் 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்ததைப் போன்ற கடற்புயல். ஊருக்குள் திடீரென்று சுழன்று ஓட்டைப் பிய்த்துப் போவதை அவர்களுடைய செய்தித்தாள்கள் 'மினி சூறாவளி' என்று எழுதுகின்றன. ஒரு சொல்லுக்குள் இரண்டு காற்றை அடைத்துவைத்துவிட்டு, ஒன்றில் பெற்ற அனுபவத்தை மற்றொன்றில் செலவழிக்கப் பார்க்கிறோம். கடற்புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் கொண்டது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாகத் தொடங்கிப் புயலாக வலுத்ததும் அதற்கு ஒரு பெயர் உண்டு, வரும் நாள் உண்டு, துறைமுகத்தில் ஏற்றும் கூண்டுக்கு ஓர் எண்ணும் உண்டு. அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி வைக்க அவகாசம் இருக்கும். டொர்னேடோ பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கும் குறைந்த அகலம். ஓர் இடிமேகத்தின் அடியிலிருந்து இறங்கிச் சில நிமிடங்களில் ஒரு தெருவை முடித்துவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே உங்கள் துண்டறிக்கைகளில் சூறாவளி என்று எழுதாமல் டொர்னேடோ என்றே எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தூய தமிழ் ஆர்வலர்கள் கோபிக்கலாம். தொலைக்காட்சியும் தொலைபேசியும் எந்தச் சொல்லைச் சொல்லி எச்சரிக்குமோ, அந்தச் சொல்தான் பாட்டியின் காதுக்கும் பழகியிருக்க வேண்டும்.

அதைவிடக் கொடிய குழப்பம் ஒன்று உண்டு. இங்கே 'டொர்னேடோ வாட்ச்' என்பது ஒன்று, 'டொர்னேடோ வார்னிங்' என்பது வேறொன்று; தமிழில் இரண்டையும் நாம் எச்சரிக்கை என்றே சொல்லிவிடுகிறோம். வாட்ச் என்பதை ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள கடும்புயல் கணிப்பு மையம், பல மாவட்டங்களைச் சேர்த்து, பல மணி நேரத்துக்கு அறிவிக்கிறது. டொர்னேடோ பிறக்கக்கூடிய வானிலை நிலவுகிறது என்பதே அதன் பொருள். வார்னிங் என்பதை உள்ளூர் வானிலை அலுவலகம் வெளியிடுகிறது; ராடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள் என்று பொருள். முன்னதை நான் என் பிள்ளைகளுக்குக் 'கவனி' என்று சொல்லித் தந்திருக்கிறேன். பின்னதை 'ஒதுங்கு' என்று. 'கவனி' வந்தால் கைபேசியை மின்னேற்றி, செருப்பை உள்ளே எடுத்துவைத்து, வழக்கம் போலச் சாப்பிடலாம். 'ஒதுங்கு' வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு அந்த நொடியே இறங்க வேண்டும். உங்களுக்கு இதைவிட நல்ல சொற்கள் தோன்றினால் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் போதும்.

வார்னிங்குக்கும் காற்றுக்கும் நடுவே கிடைக்கும் நேரம் பெரும்பாலும் பத்து நிமிடங்களை ஒட்டியே இருக்கும். சில வேளை அதுவும் கிடைக்காது. அந்தப் பத்து நிமிடத்தை மனிதர்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதற்கு மிசூரியின் ஜாப்ளின் நகரமே சான்று. 2011 மே 22 அன்று மாலை அங்கே வந்த டொர்னேடோ நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பின்னர் வானிலைத் துறை நடத்திய ஆய்வில், அந்நகரத்து மக்களில் பெரும்பாலோர் முதல் எச்சரிக்கையைக் கேட்டவுடன் ஒதுங்கவில்லை என்றும், வானத்தைப் பார்த்தோ தொலைக்காட்சியைப் பார்த்தோ வேறொரு சான்று தேடினர் என்றும் தெரியவந்தது. பிறந்தது முதல் அந்த மண்ணில் வாழ்ந்தவர்களே அப்படி இருந்தார்கள் என்றால், என் கணவர் பால்கனிக்குப் போனதை நான் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. (ஆயினும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

அபாயச் சங்கை நம்பி இருக்கவும் கூடாது. அது வெளியில் இருப்பவர்களை உள்ளே போகச் சொல்வதற்காக வைக்கப்பட்டது. மழையிலும் குளிரூட்டியின் ஓசையிலும் வீட்டுக்குள் கேட்காமல் போகலாம். வடக்கு டெக்ஸாஸின் பல நகரங்களில் மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் அதை ஒத்திகைக்காக ஊதுகிறார்கள் என்பதைப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவையுங்கள். முதல் மாதத்தில் அதைக் கேட்டு நடுங்கியவர்களையும், ஆறாம் மாதத்தில் உண்மையான சங்கையும் ஒத்திகை என்று எண்ணியவர்களையும் நான் அறிவேன். 2017 ஏப்ரல் 7 அன்று நள்ளிரவை ஒட்டி, யாரோ ஊடுருவி டாலஸின் 156 சங்குகளையும் ஒருசேர ஊதவைத்த கதையும் இந்த ஊருக்கு உண்டு.

நம் வீடுகளில் இன்னொரு நிலைமை இருக்கிறது. அதை அரசின் எந்தத் துண்டறிக்கையும் எண்ணிப் பார்த்திருக்காது. பகலில் இருவரும் வேலைக்குப் போக, ஊரிலிருந்து வந்த தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளோடு வீட்டில் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது ஊர்க் கைபேசி. வீட்டு வைஃபையில் வாட்ஸாப் மட்டும் ஓடும். கைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் அவசர எச்சரிக்கை அந்தக் கைபேசியில் ஒலிக்காமல் போகலாம். தொலைக்காட்சியில் ஓடுவது இணைய வழித் தமிழ் அலைவரிசை. அதில் டெக்ஸாஸின் வானிலை வராது. வந்தாலும், அறிவிப்பாளர் டாலஸ், காலின், டென்டன், டாரன்ட் என்று மாவட்டப் பெயர்களை அடுக்கும்போது, தாம் இருப்பது எந்த மாவட்டம் என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்காது. ரிச்சர்ட்சனிலேயே ஒரு பகுதி டாலஸ் மாவட்டம், மறுபகுதி காலின் மாவட்டம் என்றால் யார்தான் என்ன செய்வார்கள்? வானிலை வானொலிப் பெட்டி ஒன்றை வாங்கி, நம் மாவட்டத்துக்கு மட்டும் ஒலிக்கும்படி அமைத்து, பெரியவர்கள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். அதை அமைப்பது நம் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதற்குத்தான் சங்கத்தில் நாலு பொறியாளர்கள் இருக்கிறார்கள்.

எங்கே ஒதுங்குவது என்பதைப் பொறுத்தவரை விதி எளியது: ஆகக் கீழான தளம், ஆக உள்ளே தள்ளிய சிறிய அறை, சன்னல் கூடாது, வெளிக்காற்றுக்கும் பிள்ளைக்கும் நடுவே எத்தனை சுவரை வைக்க முடியுமோ அத்தனை. இந்தப் பகுதியின் களிமண்ணில் நிலவறை அமைந்த வீடுகள் மிகக் குறைவு. ஆகவே உள்குளியலறை, மாடிப்படியின் அடிப்பகுதி, துணிகள் தொங்கும் குளோசெட், இவைதாம் மிச்சம். இங்கேதான் நம் வழக்கங்கள் குறுக்கே நிற்கின்றன. வீட்டின் நடுவே இருக்கும் சன்னலற்ற குளோசெட்டை நம்மவர்கள் பூசையறையாக்கிவிடுகிறார்கள்: தலைக்கு மேலே கண்ணாடி போட்ட சாமி படங்கள் வரிசையாக, கீழே எரியும் விளக்கு. பூசை வைக்காத வீட்டில் அதே இடத்தில் இருபது கிலோ அரிசி மூட்டையும் ஊருக்குப் போகும் பெட்டிகளும். ஆறு பேர் நிற்க அங்கே இடமில்லை. சாமியை இடம் மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று ஒரு தோழி சொன்னாள். சங்கத்தின் பெரியவர் ஒருவர் மேடையில் சொன்னால் அவளுடைய மாமியார் கேட்பார்.

மேல்தளங்களில் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். தரைத்தளத்துக்காரரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். இல்லையேல் நடு இரவில் அறியாத கதவைத் தட்ட வேண்டிவரும். குடியிருப்பு நிர்வாகத்திடம் எங்கே ஒதுங்குவது என்று நான் பிறகு கேட்டபோது, அலுவலகத்துப் பெண் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, பொதுக் கூடம் இரவில் பூட்டியிருக்கும் என்றார். தனியொரு வாடகைக்காரராகக் கேட்டதால் அந்த விடை. ஒரே குடியிருப்பில் நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் இடங்களில் சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் போனால் விடை வேறாக இருக்கலாம்.

பிள்ளைகளைப் பற்றி மூன்று செய்திகளை உங்கள் அறிக்கையில் தவறாமல் சேர்க்கக் கோருகிறேன். டொர்னேடோவில் உயிர் போவதும் ஊனம் நேர்வதும் பெரும்பாலும் பறந்து வரும் பொருள்கள் தாக்குவதால், குறிப்பாகத் தலையில். எனவே மிதிவண்டித் தலைக்கவசத்தைப் பிள்ளையின் தலையில் மாட்டிவிட வேண்டும். 2011 ஏப்ரலில் அலபாமாவைச் சூறையாடிய டொர்னேடோக்களுக்குப் பிறகு, பர்மிங்ஹாமிலுள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வலியுறுத்தினார்கள். கைக்குழந்தையைக் காரின் குழந்தை இருக்கையோடு உள்ளே எடுத்து வந்து, வாரைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு இறுக அணைத்தாலும் அந்தக் காற்றில் கை நழுவும். அடுத்தது காலணி, அதைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

காரில் ஏறித் தப்பலாம் என்ற எண்ணம் ஆண்களுக்கு உடனே வருகிறது. 2015 டிசம்பர் 26 அன்று மாலை, நமக்குப் பக்கத்து ஊரான கார்லண்டில் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நெடுஞ்சாலைச் சந்திப்பில் தங்கள் வாகனங்களுக்குள் இருந்தவர்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் வந்தது நான்கு கிலோமீட்டருக்கும் மேல் அகலம் கொண்டது. அதில் மாண்ட எட்டுப் பேரும் வாகனங்களில் சென்றவர்கள். மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவதும் கூடாது. அங்கே காற்று குறுகிப் பாய்ந்து ஆளை உருவி எடுக்கும்.

இனி உங்கள் நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். சித்திரைத் திருவிழாவும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவும் ஏப்ரல், மே மாதங்களில் வருகின்றன. இந்தச் சமவெளியில் டொர்னேடோக்கள் மிகுதியாக இறங்குவதும் அதே மாதங்களில், பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும். வாடகைக்கு எடுத்த ஓர் அரங்கில், ஐந்நூறு பேர் அமர்ந்திருக்க, மேடையின் பின்புறம் எண்பது பிள்ளைகள் சலங்கை கட்டி நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அகன்ற கூரை கொண்ட பெரிய கூடங்கள் டொர்னேடோவில் எளிதில் சரியக்கூடியவை. அந்த எண்பது பிள்ளைகளை எந்த நடைவழிக்கு, யார் கூட்டிப் போவார்? கடந்த ஆண்டு விழாவில் நான் இதைக் கேட்டபோது, ஏற்பாட்டாளர் ஒருவர், "இவ்வளவு நாள் வராதது இன்றைக்கா வரப்போகிறது?" என்று சிரித்தார். நல்ல மனிதர்; அன்று காலையிலிருந்து அவர் சாப்பிட்டிருக்கவும் இல்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. எனினும் 2013 மே 20, திங்கட்கிழமை பிற்பகலில், ஓக்லஹோமாவின் மூர் நகரில் பள்ளி விடும் நேரத்தில் வந்த டொர்னேடோ 24 பேரைக் கொன்றதையும், அவர்களில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகள் என்பதையும், அந்தப் பள்ளியில் பாதுகாப்பறை இல்லை என்பதையும் அவரும் அறிய வேண்டும். அதே மூரில் 1999இலும் பெரும் டொர்னேடோ ஒன்று வந்திருந்தது.

ஆகவே அரங்கை வாடகைக்கு எடுக்கும் நாளிலேயே ஒதுங்கும் இடத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும், முதல் நடனத்துக்கு முன், அந்த இடத்தை ஒரு நிமிடத்தில் அறிவியுங்கள். ஒருவரை அன்று முழுவதும் வானிலையை மட்டும் பார்க்க வையுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். தமிழ்ப் பள்ளிகளில் பருவத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துங்கள். அமெரிக்கப் பள்ளியில் சுவரைப் பார்த்துக் குனிந்து, கைகளால் பிடரியை மூடிக்கொள்ளப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியது மிகக் குறைவு. அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கற்றுத்தருமாறு செய்வதே நம் வேலை. "பாட்டிக்கு ஒதுங்கும் இடத்தைக் காட்டிவிட்டு வா" என்பதை ஒரு வார வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.

என் மகளுக்கு இப்போதும் முதல் புதன்கிழமைச் சங்கு கேட்டால் கை வேர்க்கும். தொடக்கத்தில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தேற்றிப் பார்த்தேன், பயன்படவில்லை. நேரம் குறித்துப் பழகத் தொடங்கிய பிறகே அவள் தேறினாள். அடுப்பை அணைக்கும் பொறுப்பு எனக்கு, தலைக்கவசம் அவளுக்கு, தம்பியின் இருக்கை அப்பாவுக்கு என்று பிரித்துக்கொண்டோம். கீழ்வீட்டு அம்மாளின் கதவை அடைய முதன்முறை நான்கு நிமிடம் ஆயிற்று. இரண்டு மாதத்தில் ஒன்றரை நிமிடமாகக் குறைந்தது. அவர் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைதட்டுவார்.

தமிழில் ஒரு பக்க அறிக்கையும், பாட்டிகளுக்காகப் படங்களோடு ஓர் அட்டையும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் செயற்குழு திருத்தி ஏற்றுக்கொண்டால், வரும் சித்திரைத் திருவிழாவில் நுழைவாயிலிலேயே மேசை போட்டு உட்கார்ந்து, வரும் குடும்பத்துக்கெல்லாம் அதைக் கொடுத்து விளக்க நானும் இன்னும் மூன்று தாய்மார்களும் அணியமாக இருக்கிறோம். மேசையும் இரண்டு நாற்காலியும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் இருவரின் தாய்,
ரிச்சர்ட்சன், டெக்ஸாஸ்